எங்கள் ஊர் அருவிக்கு ஒரு மணவாழ்த்து

இந்த மணவிழாவுக்குத் தலைமை தாங்கி, தலைவர் என்ற தலைக்கனம் துளியும் இல்லாமல் தலையாட்டித் தூங்கிக்கொண்டிருந்து, என் குரல் கேட்டு இப்போது விழித்துக்கொண்ட ஊர்ப் பெரியவர் பரமசிவன் ஐயா அவர்களே! மலையடிவாரத்து மண்ணிலிருந்து, சாரல் சிந்தும் குற்றாலச் சீமையிலிருந்து சம்பந்தம் செய்ய வந்திருக்கும் பெண் வீட்டாரே! எப்போதும்வென்றானிலிருந்தும் எட்டயபுரத்திலிருந்தும் குளத்தூரிலிருந்தும் கரிசல் சேற்றில் கால் புதைய, கழற்றிய செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கும் சொந்தங்களே! ஆடு மேய்க்கும் அண்ணன்மாரே, உளுந்து விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பிமாரே! பிள்ளையை மடியிலும் பெருமையை மனத்திலும் சுமந்து முன்வரிசையில் முந்தி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கு நடுவில் உட்கார்ந்து, சீக்கிரம் முடி என்று எனக்கு இப்போதே கைச்சாடை காட்டத் தொடங்கிவிட்ட என் இல்லத்தரசி பெத்தம்மாள் அவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தக் கார்த்திகைக் காலைப்பொழுதின் ஈரம் காயாத வணக்கம்.

நான் இசக்கிபாண்டி. மாப்பிள்ளை சண்முகராஜின் தாய்மாமன். எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் கிடாவுக்கும் குட்டிக்கும் விலை கூவிக் கூவி வளர்ந்த தொண்டை இது. எனக்கு மைக் தேவையில்லை. ஆனாலும் கொடுத்திருக்கிறார்கள், கொடுத்ததை நான் திருப்பிக் கொடுப்பவனும் இல்லை.

தாலி தட்டில் இருக்கிறது. மாலை கழுத்தில் இருக்கிறது. மேளம் பந்தலில் இருக்கிறது. மணமகன் இருக்கிறான், மணமகள் முத்துசெல்வி இருக்கிறாள். ஆனால் மணமகளைப் பெற்ற தாய், தகப்பன் இல்லாத பிள்ளையைத் தனியாளாய் வளர்த்து ஆளாக்கிய பார்வதியம்மாள் எங்கே? தேடாதீர்கள். அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை, கலுங்கைப் பார்க்கப் போயிருக்கிறார். பெண் வீட்டாருக்காகச் சொல்கிறேன்: கம்மாய் நிறைந்தால் மிஞ்சிய தண்ணீர் வழிந்து போவதற்காகக் கரையில் கட்டியிருக்கும் கல்சுவருக்குத்தான் கலுங்கு என்று பெயர். பார்வதியம்மாள் நேற்று வந்து சேரும்போது இருட்டிவிட்டது. இன்று விடிந்ததும் மகளுக்குத் தலைவாரிப் பூச்சூட்டி முடித்தார். நான் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன், பிறகு தாலி கட்டலாம் என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அவர் திரும்பும்வரை இந்தக் கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அவர் மனம் நிறைந்து வந்தால் மேளம் கொட்டும். நிறையாமல் வந்தால் என்ன ஆகும் என்று அந்தத் தூணருகே நிற்கும் தம்பி கேட்கிறான். மங்கல மேடையில் கேட்கிற கேள்வியா அது? உட்காரடா.

என்ன இது, கல்யாணத்துக்கும் கலுங்குக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. இந்தச் சம்பந்தமே அதனால்தான் நடக்கிறது.

சண்முகராஜ் வேன் ஓட்டுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனி பிறந்து மேற்கே சாரல் விழத் தொடங்கினால் அவன் வண்டிக்கு ஓய்வில்லை. கோவில்பட்டிச் சனங்களை ஏற்றிக்கொண்டு குற்றாலம் போவான். அவர்கள் குளிக்கப் போவார்கள், இவன் இட்லி தின்னப் போவான். அருவிக்கு இறங்கும் வழியில் பார்வதியம்மாளின் இட்லிக்கடை. அங்கே சட்டினி ஊற்றுகிற பெண் முத்துசெல்வி. இவன் ஒரு சீசன் முழுவதும் அங்கே இட்லி தின்றிருக்கிறான், அருவியில் ஒரு தடவைகூடத் தலை நனைக்கவில்லை. நனையாத தலையோடு திரும்பி வந்த டிரைவரைப் பார்த்ததுமே என் தங்கை பாலம்மாளுக்கு, அதாவது இவனைப் பெற்றவளுக்கு, விஷயம் விளங்கிவிட்டது.

பெண் கேட்கப் புறப்பட்டோம். வேன் நிறைய ஆள். தட்டுத் தட்டாகக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், பூ, பழம், வெற்றிலை. எல்லாம் ஏறிய பிறகு பாலம்மாள் கடைசியாக ஏற்றியது என்ன? தண்ணீர்க் குடங்கள். வரிசை வரிசையாகக் குடங்கள், வாய்க்கு வாழையிலை கட்டிய குடங்கள்.

சிரிக்கிறீர்களா, பெண் வீட்டாரே? சிரியுங்கள். ஆனால் எங்கள் ஊர் வழக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டமாக ஒரு வீட்டுக்குப் போனால் எங்கள் தண்ணீரை நாங்களே சுமந்துகொண்டு போவோம். சோறு போடச் சலிக்காத சனம் நாங்கள். ஆனால் வந்தவர்களின் தாகத்துக்காக ஒரு வீட்டுப் பெண் வெயிலில் இன்னொரு நடை நடக்கக் கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ ஒரு தாய் நினைத்தாள். அவள் நினைத்தது நிலைத்துவிட்டது. கல்யாண வீடானாலும் குடம், காதுகுத்தானாலும் குடம். அந்தப் பழக்கத்தில், அருவி விழுகிற ஊருக்கும் நாங்கள் குடத்தோடு போய் இறங்கினோம். போகிற ஊர் எந்த ஊர் என்று வேனில் இருந்த ஒருவருக்கும் உறைக்கவில்லை.

போய் இறங்கினோம். வரவேற்றார்கள். பாய் விரித்தார்கள். பார்வதியம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். எங்கள் பெண்கள் என்ன செய்தார்கள்? வேண்டாம் தாயி, கொண்டு வந்திருக்கோம் என்று சொல்லி, வாழையிலையை அவிழ்த்து, தங்கள் குடத்திலிருந்து மொண்டு குடித்தார்கள்.

பார்வதியம்மாள் முகத்தை அப்போது நான் பார்த்தேன். பெண் கேட்டு வந்த வீட்டில் தண்ணீர் வேண்டாம் என்றால் என்ன பொருள்? உறவு வேண்டாம் என்று பொருள். இது இந்தத் தமிழ்நாட்டில் எந்தத் தாய்க்குத் தெரியாது? அவர் செம்பைத் தரையில் வைத்தார். வைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"என் வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் பொண்ணு கேக்க வந்தியளா? அந்தத் தட்டையெல்லாம் எடுங்க" என்றார்.

சந்தையில் ஆயிரம் பேரைப் பேசி மடக்குகிற எனக்கு, அந்த ஒரு கூடத்தில் ஒரு சொல் வரவில்லை. பெத்தம்மாள், நீ சிரிக்காதே, உனக்கும்தான் வரவில்லை. மணப்பெண் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மாப்பிள்ளை வேன் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நிற்கிறான். அப்போது என் தங்கை எழுந்தாள். அவள் மேடை ஏறியவள் அல்லள், நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேசியவளும் அல்லள்.

"தப்பா நினைக்காதீங்க தாயி. கூட்டமா ஒரு வீட்டுக்குப் போனா, அந்த வீட்டுப் பொம்பள எங்களுக்காக எத்தன நடை நடக்கணும்னுதான் மொதல்ல நினைப்போம். உங்க இடுப்பு நோகக் கூடாதுன்னு கொண்டு வந்ததுதான் இது" என்றாள்.

இவ்வளவுதான் சொன்னாள். பார்வதியம்மாள் குடங்களைப் பார்த்தார், எங்கள் பெண்களின் இடுப்பைப் பார்த்தார், அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்:

"இந்த ஊருக்கு எத்தனையோ சனம் வருது, போகுது. எல்லாரும் அருவியத்தான் பாக்குதாவ. இங்கன இருக்கவளுக்குக் குடிக்கத் தண்ணி எங்க இருந்து வருதுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. சீசன் வந்துட்டா தெருக்குழாயில நூல் மாதிரிதான் விழும். நானும் குடந்தான் தூக்குதேன்."

அன்பார்ந்தவர்களே, நினைத்துப் பாருங்கள். ஆர்ப்பரித்து அருவி விழுகிறது, அதன் அடிவாரத்தில் ஒருத்தி குடம் சுமக்கிறாள். வானத்திலிருந்து விழுவது போலத் தண்ணீர் விழுகிற ஊரிலும் அவள் இடுப்பில் குடம்தான். எங்கள் கரிசல்காட்டுப் பெண்ணுக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு? ஒரு வேறுபாடும் இல்லை. அவர் எழுந்து வந்து எங்கள் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டார், நின்றபடியே குடித்தார். குடித்துவிட்டு, "நீங்களும் குடிங்க மதினி" என்று பாலம்மாளிடம் தன் செம்பை நீட்டினார். மதினி என்ற அந்த ஓர் உறவுச் சொல்லில் எங்கள் தட்டெல்லாம் தாமாகவே கைமாறிவிட்டன.

இருங்கள், கை தட்டாதீர்கள். அவசரப்பட்டு நானும் அங்கே இப்படித்தான் கை தட்டினேன். பார்வதியம்மாள் கையமர்த்தி, ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது என்றார். நகையா? இல்லை. நிலமா? இல்லை.

"குடம் தூக்க என் மக பயப்பட மாட்டா. ஆனா மதினி, அவ அருவியில தலையக் குடுத்து வளந்தவ. மனசுல என்ன பாரம் இருந்தாலும் விடியக்காலம் போயி அங்கன நிப்பா. அழணும்னா அழுவா. அங்கன நின்னு அழுதா கண்ணீரு எது, தண்ணி எதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. சிரிச்சுக்கிட்டே திரும்பி வருவா. அவிய அப்பா செத்தப்பவும் அப்படித்தான். உங்க ஊர்ல அவளுக்கு அப்படி ஒரு எடம் வேணும். தலைக்கு மேல தண்ணி விழுத எடம். அதக் காட்டுங்க, கூட்டிட்டுப் போங்க."

கரிசல் பூமியில் தலைக்கு மேல் தண்ணீர் விழுகிற இடத்துக்கு நாங்கள் எங்கே போவோம்? இது நடக்கிற காரியமா என்று எனக்குள் கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்தோடு நிற்கிற எங்களைப் பார்வதியம்மாள் குளிக்க அழைத்துப் போனார்.

அடடா, அந்தப் பேரருவியை நான் எப்படிச் சொல்வேன்? பாறையில் பாய்ந்து, பள்ளத்தில் பரந்து, புகையாய்ப் பொங்கி, பூவாய்ச் சிதறி, இடியாய் இறங்குகிறது. பார்த்ததும் எங்கள் ஊர்ப் பெண்களின் வாயில் வந்த முதல் சொல் என்ன தெரியுமா? ஐயோ, யாராவது அடைங்களேன், இம்புட்டும் வீணாப் போகுதே என்பதுதான். சொன்னவர் இதோ முன்வரிசையில் இருக்கிறார், பெயரைச் சொன்னால் எனக்கு இன்று இரவுச் சாப்பாடு கிடையாது.

பாலம்மாளின் ஒரு கையைப் பார்வதியம்மாளும் மறு கையை முத்துசெல்வியும் பிடித்து அருவிக்குள் நிறுத்தினார்கள். புருஷனை இழந்த நாளிலிருந்து அழாமல் பிள்ளையை வளர்த்தவள் என் தங்கை. ஆடு மேய்த்தாள், களை எடுத்தாள், கல் சுமந்தாள், கண் கலங்கி நான் பார்த்ததில்லை. வெகுநேரம் உள்ளே நின்றாள். வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. அருவியில் குளித்தால் எல்லாருக்கும்தான் கண் சிவக்கும். ஆனால் வேனில் ஏறி உட்கார்ந்ததும் அவள் என்னிடம் சொன்னாள்: "அண்ணே, அந்தம்மா கேட்டது நியாயந்தான். நம்ம ஊர்ப் பொம்பளைகளுக்கு அழக்கூட ஒரு எடம் இல்ல."

தாய்மார்களே, நீங்கள் ஏன் திடீரென்று தலையைக் குனிந்துகொள்கிறீர்கள்? அன்று வேனிலும் எங்கள் பெண்கள் இப்படித்தான் குனிந்துகொண்டார்கள்.

ஊர் கூடியது. ஆளுக்கொரு யோசனை. குளியலறையில் பூவாளி போலத் தண்ணீர் கொட்டும் குழாய் வைக்கலாம் என்றான் ஒருவன். குழாயில் நின்று அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று பெண்கள் தள்ளிவிட்டார்கள். கடைசியில் எல்லாக் கண்ணும் கம்மாய்க் கலுங்கின்மேல் போய் நின்றது. அது கலுங்கு என்பதே இளவட்டங்களுக்கு மறந்துபோயிருந்தது. அவர்களுக்கு அது சாய்ந்து உட்கார்ந்து செல்போன் பார்க்கிற சுவர். கம்மாய்க்குள் மண் மேடு, கரை முழுவதும் வேலிக்கருவை. தண்ணீர் வருகிற ஓடை எங்கே போயிற்று என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முள்ளுக்குள் மூடிக் கிடந்தது.

அங்கேதான் என் ஆடுகள் வந்தன. கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே மூடிய முள்ளுக்குக் கீழே, பழைய ஓடைத் தடத்தில் மட்டும் ஆடு நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது. மந்தையை ஓட்டிவிட்டோம். ஆடுகள் வரிசையாகப் போயின. மணி கட்டிய ஆடு போன வழியைக் காதால் கேட்டு, வெளியே நடந்து கல் நட்டுக்கொண்டே போனோம். அந்தக் கல் வரிசைதான் எங்கள் ஓடை. ஆடு வைத்திருந்தவர்கள் வழி காட்டினார்கள், நிலம் வைத்திருந்தவர்கள் ஜேசிபி கொண்டுவந்தார்கள். ஒரே ஊரில் இருந்தும் ஒரு வேலையை ஒன்றாகச் செய்யாத இரண்டு தெரு, ஒரு பெண்ணின் கண்ணீருக்கு இடம் தேடி ஒன்றாக வெயிலில் நின்றது. வண்டல் வயலுக்குப் போனது, வேலிக்கருவை கரிமூட்டத்துக்குப் போனது, கலுங்கு முழுசாக வெளியே வந்தது.

எல்லாம் செய்தோம், மழையைச் செய்ய முடியுமா? கார்த்திகையில் நாள் குறித்தாகிவிட்டது. ஐப்பசி பிறந்தது, மேகம் வந்தது, எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று. சண்முகராஜ் மாப்பிள்ளைக் களை போய், சாணி தட்டிய சுவர் மாதிரி ஆகிவிட்டான். ஊரே வானத்தைப் பார்த்தது. பிறகு ஒரு சாயங்காலம் கிழக்கே கறுத்தது பாருங்கள். பெய்தது. விடாமல் பெய்தது. ஓடை ஓடியது, கம்மாய் நிறைந்தது. முந்தாநாள் காலையில் கலுங்கின் மேல் தண்ணீர் ஏறி, தயங்கி, தளும்பி, விழுந்தது. மறுகால் பாய்ந்தது! என்ன ஆரவாரம், என்ன ஆனந்தம்! குளத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து பார்க்கிறார்கள். எட்டயபுரத்துப் பிள்ளைகள் செல்பி எடுக்கிறார்கள். சுண்டல் வண்டி வந்துவிட்டது, பஞ்சுமிட்டாய் வந்துவிட்டது. யார் சொன்னது கரிசலில் சுற்றுலாத் தலம் இல்லையென்று?

ஆனால்... இந்த ஆனால்தான் நேற்று இரவெல்லாம் என் தங்கையைத் தூங்கவிடவில்லை. எங்கள் கலுங்கு என் இடுப்புக்குக்கூட வராது. பார்வதியம்மாள் கேட்டது தலைக்கு மேல் விழுகிற தண்ணீர். நாங்கள் வைத்திருப்பது முழங்காலைத் தாண்டி விழுகிற தண்ணீர். பேரருவியைப் பார்த்த கண்ணுக்கு இது என்னவாகத் தெரியும்? மலை எங்களிடம் இல்லை. இருந்தால் அதையும் தூர்வாரியிருப்போம்.

என்ன பெத்தம்மாள், பேச்சை நிறுத்தவா? நிறுத்த மாட்டேன். நான் மேடையில் நிற்பதால் எனக்குக் கலுங்கு தெரிகிறது. நீங்கள் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். திரும்பாதீர்கள், தயவுசெய்து ஒருவரும் திரும்பாதீர்கள். மைக்செட் தம்பி, அந்த ஸ்பீக்கர் குழாயை வேறு பக்கம் திருப்பு, என் குரல் அங்கே போக வேண்டாம். நான் பார்த்துச் சொல்கிறேன்.

பார்வதியம்மாள் தனியாக நிற்கிறார். பட்டுச்சேலைதான். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கையை நீட்டிப் பார்க்கிறார். தலையைச் சாய்த்து உயரத்தை அளக்கிறார். பாலம்மாள், நீ ஏன் கண்ணை மூடிக்கொள்கிறாய்? கலுங்குக்குக் கீழே இறங்குகிறார். இறங்கிவிட்டார். தண்ணீர் அவர் தொடையில்தான் விழுகிறது. நின்று யோசிக்கிறார்.

உட்காருகிறார்.

சொந்தங்களே, அவர் உட்கார்ந்துவிட்டார். கலுங்குக்கு அடியில், பட்டுச்சேலையோடு, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் அவர் தலைக்கு மேல் விழுகிறது. முழுசாக விழுகிறது. அவர் தோள் குலுங்குகிறது. ஒரே மகளை இன்னொரு வீட்டுக்கு அனுப்புகிற தாய் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அழுகிறாரா, சிரிக்கிறாரா? முத்துசெல்வி என்னைப் பார்க்கிறாள். எனக்குத் தெரியவில்லை அம்மா. இங்கிருந்து பார்த்தால் தண்ணீர் மட்டும்தான் தெரிகிறது. தெரியாமல் இருக்கத்தானே இந்த ஊர் இத்தனை பாடுபட்டது?

எழுந்துவிட்டார். தலையைத் துவட்டாமல் இந்தப் பக்கம் நடந்து வருகிறார். முகம் சிரிக்கிறது. இப்போது திரும்பிப் பாருங்கள், எல்லாரும் திரும்பிப் பாருங்கள். யாராவது ஒரு துண்டு கொண்டு ஓடுங்கள்.

தலைவர் ஐயா, பொறுமையோடு கேட்ட பெருமக்களே, கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, ஓடையைத் தேடித் தந்து இந்தப் பேச்சுக்கு வராமல் மேயப் போயிருக்கும் என் ஆடுகளே, அனைவருக்கும் நன்றி. சண்முகராஜ், முத்துசெல்வி, உங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும், அழுகை வருகிற நாளில் இந்த ஊர் உங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கட்டும். வாழ்க, வாழ்க, நீடூழி வாழ்க. மேளக்காரரே, அந்தம்மா பந்தலுக்குள் காலை வைக்கட்டும், பிறகு கொட்டுங்கள். நனைந்த காலோடுதான் வருவார், வழி விடுங்கள். வணக்கம்.